ஒன்பது ஜோடி பூட்ஸ்

ஆர்வேயின் பூட்ஸுக்கு அடியில் தண்ணீர் தேங்கவில்லை.

சிசெல் கையில் மாப்போடு நின்று அதைப் பார்த்தாள். பதினாறு மாதமாகத் தினமும் இதே கதைதான். நண்பகல் வானிலை பலூனை விட்டுவிட்டுத் திரும்பும் அவள் புருஷன் பூட்ஸை உதறாமல் கொள்ளாமல் கழற்றி அலமாரியின் ஆறாம் தட்டில் செருகிவிட்டுப் போவான். கால் மணி நேரத்தில் பனி உருகி, தட்டிலிருந்து சொட்டி, பலகைத் தரையில் குளம் கட்டி நிற்கும். அவள் திட்டிக்கொண்டே துடைப்பாள், அவன் சமையலறை நிலையில் சாய்ந்து காப்பியை உறிஞ்சியபடி அத்தனையையும் வாங்கிக் கட்டிக்கொள்வான். இன்றைக்கும் பூட்ஸ் இருந்தது. அதன் மூக்கில் ஒரு விரற்கடைப் பனியும் இருந்தது. அந்தப் பனி உருகவில்லை. முன்கூடத்து ஹீட்டர் இருபத்திரண்டு டிகிரியில் உறுமிக்கொண்டிருந்தது, மற்ற பூட்ஸ்களெல்லாம் காய்ந்து தோல்வாடையும் கால்வாடையும் கலந்து அடித்தன, ஆறாம் தட்டிலிருந்து மட்டும் எந்த வாடையும் வரவில்லை. குனிந்தபோது கன்னத்தில் சில்லென்று பட்டது.

"இன்னிக்கு ஒரு நாளாவது துடைக்கிற வேலை மிச்சம்" என்று முணுமுணுத்துவிட்டு மாப்பைச் சுவரில் சாய்த்தாள்.

அவளுக்கு இருந்த எரிச்சலில் அதற்கு மேல் யோசிக்க மனம் வரவில்லை. எரிச்சலுக்குக் காரணமும் இருந்தது. பிப்ரவரி விமானத்தில் இரண்டு பேரும் ஊர் திரும்புவதாகத்தான் பேச்சு. ட்ரும்சோ நகரில் வாடகைக்கு ஒரு வீடுகூடப் பார்த்து வைத்திருந்தாள், ஜன்னலுக்கு வெளியே மரம் நிற்கிற வீடு. நேற்று ராத்திரி சாப்பாட்டின்போது வானிலை நிலையத்தின் தலைவர் ஓட்வார் எழுந்து, ஆர்வே இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிக் கை தட்டினார். கட்டின பெண்டாட்டிக்கு அந்தச் செய்தி மற்ற ஆறு பேரோடு சேர்ந்துதான் தெரிந்தது. அறைக்குப் போய் அவள் கத்திய கத்தலை ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி நிலையமே கேட்டிருக்கும்.

"உலகத்தோட வடகோடி வாய்ச்சண்டை! அதுக்கும் ஒரு போர்டு எழுதி மாட்டிடலாமா?" என்று காலையில் யூஸ்டைன் கேட்டான். மின்சாரமும் தந்தியும் அவன் பொறுப்பு. வாய்க்குப் பொறுப்பாளர் யாரும் கிடையாது.

போர்டு விஷயம் ஓட்வாரின் பைத்தியம். கோடையில் கப்பலில் வருகிறவர்கள் படம் பிடிக்க வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் ஒன்று எழுதித் தொங்கவிட்டிருந்தார். உலகின் வடகோடித் தபால் பெட்டி, உலகின் வடகோடிப் பியானோ, உலகின் வடகோடி நாய்க் கூண்டு. சிசெலின் அடுப்புக்கு மேலேயும் ஒன்று தொங்கியது. அதில் பாதி பொய். கனடாக்காரர்கள் இன்னும் மேலே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்த முனையில், இந்தக் கரையில், அதற்கப்பால் வீடு இல்லை என்பது மட்டும் உண்மை. வாசலைத் திறந்தால் கடல் பனி, அதற்கப்புறம் மறுபடி பனி, அவ்வளவுதான். அங்கிருந்து எது கிளம்பினாலும் முதலில் இந்தக் கதவுக்குத்தான் வந்தாக வேண்டும். கதவோ பூட்டே இல்லாத கதவு. கரடி துரத்தி ஓடி வருகிறவன் சாவி தேடிக்கொண்டு நிற்க முடியாது என்பதால் இந்தத் தீவுகளில் யாரும் வாசலைப் பூட்டுவதில்லை.

பூட்ஸ் அலமாரியும் ஓட்வாரின் ஏற்பாடுதான். ஒன்பது பேருக்கு ஒன்பது தட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். உள்ளே வருகிறவன் பூட்ஸைக் கழற்றித் தன் தட்டில்தான் வைக்க வேண்டும். தட்டில் பூட்ஸ் இருந்தால் ஆள் உள்ளே. தட்டு காலியென்றால் ஆள் வெளியே. புயல் நாளில் காலித் தட்டு கண்ணில் பட்டால் யாரையும் கேட்காமல் மணியை அடிக்கலாம், உடனே தேடப் போவார்கள். பூட்ஸ் இருந்தால் மணியைத் தொடவே கூடாது.

சனிக்கிழமை. பால் விட்ட அரிசிக் கஞ்சி நாள். கிண்ணங்களில் ஊற்றி, நடுவில் வெண்ணெய்க் கட்டியைப் போட்டு, மேலே பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவினாள். பகல் பன்னிரண்டே முக்கால். ஜன்னலில் வழக்கம்போல இருட்டு. சூரியன் போய் ஏழு வாரம் ஆகியிருந்தது, நண்பகல் என்பது கடிகாரத்தில் மட்டும்தான். காலையில் சும்மா இருந்த காற்று இப்போது கூரையின் தகர விளிம்பைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்திருந்தது. அடுப்பின் வெதுவெதுப்பு, பால் அடிப்பிடிக்கும் வாசம், கண்ணாடியில் பொடிப்பனி வந்து மோதும் சரசரப்பு, இவற்றுக்கு நடுவே எதையோ காணோம் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகுதான் புரிந்தது. ஆர்வே திரும்பும்போது நாய்கள் பதினொன்றும் ஊளையிடும். இன்றைக்கு ஒன்றுகூடக் குரல் கொடுக்கவில்லை.

காப்பிக்கும் அவன் வரவில்லை. ஒளிகிறான் என்று நினைத்தாள். எவ்வளவு நேரம்தான் ஒளிவான், பசித்தால் வருவான் என்று கரண்டியை டொக்கென்று வைத்தாள். ஒரு மணிக்குக் கஞ்சியில் ஆடை படர்ந்தது. ஆளைக் காணோம்.

அறையில் பார்த்தாள், கட்டில் காலையில் அவள் விரித்தபடி இருந்தது. பட்டறையில் பார்த்தாள், விளக்கே போடவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் யூஸ்டைன் கஞ்சியை வழித்துக்கொண்டிருந்தான்.

"ஆர்வேயைப் பாத்தியா?"

"பாக்கலை. ஆனா கேட்டேனே. குளியலறையில இருமிட்டிருந்தான். பாவம், உனக்குப் பயந்து அங்கேயே குடித்தனம் வச்சிட்டான் போல."

கடல் பனியை அளக்க வந்திருந்த மைக்கென் என்ற பெண்ணும் சிரித்தாள். அவள் செவிலிப் படிப்பும் படித்தவள், மாத்திரைப் பெட்டி அவளிடம்தான் இருக்கும். "நானும் தண்ணி விழற சத்தம் கேட்டேன் சிசெல். விடு, குளிச்சிட்டு வரட்டும்."

கேட்டார்கள். எல்லாருமே கேட்டுத்தான் இருந்தார்கள். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

குளியலறை நடைக்கூடத்தின் கடைசியில் இருந்தது. அந்தப் பக்கம் போகப் போக அவளுடைய கம்பளிக் காலுறை வழியாகத் தரையின் சில்லிப்பு ஏறியது. கதவுக்கு அந்தப்புறம் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. வெந்நீர் விழுகிற சத்தம் அவளுக்குத் தெரியும். ஆவியும் சோப்பு வாசமும் கதவிடுக்கு வழியாக வந்து நடைக்கூடத்து ஜன்னல் கண்ணாடியை மங்கவைக்கும். இங்கே ஆவி இல்லை. வந்த வாசம் சோப்பு வாசமில்லை. பனி விலகிய கரையில், ஓதம் வடிந்தபின் கல்லிடுக்கில் நிற்கும் பழைய கடல்தண்ணீரின் வாசம்.

தட்டினாள். "ஆர்வே?"

உள்ளேயிருந்து இரண்டு தட்டு. பிறகு இருமல். அவனுடைய இருமல்தான், முதலில் ஒரு கனைப்பு, பிறகு இரண்டு சின்ன இருமல். பதினான்கு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட இருமல்.

நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இறங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. "கையெழுத்துப் போடத் தெரிஞ்சவனுக்கு வாயைத் திறந்து பேசத் தெரியாதா? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடப் போறேன்? வெளியே வா. கஞ்சி கல்லாப் போச்சு."

தட்டு. தட்டு. கனைப்பு. இருமல், இருமல்.

அதே இடைவெளி. அதே அளவு. அவள் மறுபடி பெயரைச் சொன்னாள். மறுபடி அதேதான் வந்தது, ஒரு மயிரிழை பிசகாமல்.

கைப்பிடியைத் தொட்டாள். விரல் ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்ததில் நுனித்தோல் உரிந்து கைப்பிடியிலேயே தங்கிவிட்டது.

சமையலறைக்குத் திரும்பியபோது, கரண்டிகளுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிய கைரேடியோ கரகரத்தது. நிலையம் முழுக்க ஒன்றாம் அலைவரிசையில்தான் பேசும். ஐந்தாம் அலைவரிசை புருஷன் பெண்டாட்டி இருவருக்கு மட்டுமானது. காப்பி வேண்டுமா, ரொட்டி வெந்ததா என்று கேட்டுக்கொள்ள.

"சிசெல்." மூச்சு வாங்குகிற குரல். பின்னால் காற்று. "சிசெல், கேக்குதா?"

ரேடியோவை ஆணியிலிருந்து பிடுங்கினாள். "எங்க இருக்க நீ?"

"கொட்டகைக்குப் பின்னால. விழுந்துட்டேன்... எவ்வளவு நேரம் கிடந்தேன்னு தெரியலை. முழிச்சுப் பாத்தா பூட்ஸைக் காணோம்."

"என்னடா சொல்ற?"

"யாரோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க. வெறுங்கால். கால் இருக்கறதே தெரியலை. ரேடியோ திருகும் உறைஞ்சு போச்சு, இந்த அலைவரிசையை விட்டு நகர மாட்டேங்குது. ஓட்வார்கிட்ட சொல்லு. சீக்கிரம்."

பலூன் கொட்டகை நானூறு மீட்டர் தூரம். வழிநெடுகக் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருக்கும். வெளியே மைனஸ் இருபத்தாறு.

ரேடியோவைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஓட்வார் தன் மேசையில் வாராந்திர அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய, கனத்த, நிதானமான மனிதர். அவள் மூச்சுவிடாமல் சொன்ன அத்தனையையும் பேனாவை மூடாமலே கேட்டார்.

"எங்க, பேசச் சொல்லு."

அழுத்தினாள். கூப்பிட்டாள். கெஞ்சினாள். இரைச்சல்தான் வந்தது.

அவர் எழுந்து முன்கூடத்துக்கு நடந்தார். அலமாரியைக் காட்டினார். "ஆறாம் தட்டு. என்ன இருக்கு?"

"பூட்ஸ் இருக்கு. ஆனா அதைத்தான் சொல்றேன், அதை வேற..."

"பூட்ஸ் இருக்கு. அப்ப ஆள் உள்ள இருக்கான்."

"பனி உருகலை, ஓட்வார்! தொட்டுப் பாருங்க!"

தொட்டுப் பார்க்கவில்லை. நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைத் தட்டினார். "ஆர்வே, உள்ளதானேப்பா இருக்க?"

தட்டு. தட்டு. கனைப்பு. இருமல், இருமல்.

"கேட்டியா?" அவர் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான், ஒருத்தனைக் காணோம்னு மூணு மணி நேரம் புயல்ல தேடினோம். அவன் நீராவி அறையில தூங்கிட்டிருந்தான். தேடப்போன பெண்டிக்குக்குக் கால்ல நாலு விரல் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த அலமாரியே வந்துச்சு. புருஷன் பொண்டாட்டி சண்டைக்காக நான் மூணு பேரைக் காத்துல அனுப்ப முடியாதும்மா."

"அவன் வெறுங்காலோட கிடக்கறான்!"

"ரேடியோவை உள்ள எடுத்துட்டுப் போய் உன்கிட்ட விளையாடறான். வெளியே வரட்டும், நான் கண்டிக்கறேன்." தோளில் தட்டிவிட்டு அறிக்கைக்குத் திரும்பினார்.

சிசெல் நடைக்கூடத்தில் நின்றாள். சுவரில் தலையை மோதிக்கொள்ளலாம் போல இருந்தது. பதினாறு மாதம் இவர்களுக்கு வடித்துக் கொட்டியிருக்கிறாள், யாருக்கு எது செமிக்காது என்பதுவரை தெரியும். அவள் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைக்கு ஒரு ஜோடி பூட்ஸ் அளவுக்குக்கூட மதிப்பில்லை.

பூட்ஸ் இருந்தால் ஆள் உள்ளே.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முன்கூடத்தில் யாரும் இல்லை. அவள் ஆறாம் தட்டிலிருந்து பூட்ஸைத் தூக்கினாள். கனத்தது. காலணியின் கனம் அல்ல அது. உள்ளே விளிம்புவரை பனிக்கட்டி இறுகியிருந்தது, கறுப்பாக, கண்ணாடிபோல. ஏப்ரனில் சுற்றிக்கொண்டு கிடங்குக்கு ஓடினாள். கோதுமை மாவுத் தொட்டியின் மூடியைத் திறந்து, இரண்டையும் அமுக்கி, மேலே மாவை இழுத்து மூடினாள். அந்த நேரமெல்லாம் குளியலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் தொட்டியை மூடினாள்.

தண்ணீர் நின்றது.

மணியை அடித்தாள்.

ஓடி வந்தார்கள். அவள் அலமாரியைக் காட்டினாள். ஆறாம் தட்டு காலி. ஓட்வார் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குளியலறைக்குப் போனார். கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. தரையில் மெல்லிசாக ஒரு தகடு பனி.

"கிறுக்குப் பய, தலை ஈரத்தோட வெளியே போயிருக்கான்" என்றார் ஓட்வார். அவருடைய சட்டம், அவரே மீற முடியாது. ஐந்தாவது நிமிஷத்தில் அவரும் யூஸ்டைனும் இன்னொருவனும் துப்பாக்கியும் தலைவிளக்குமாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

சட்டப்படி மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றாக உட்கார வேண்டும். சிசெல், மைக்கென், இன்னும் மூன்று பேர். சிசெல் உட்காரவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றாள். கிழிபடும் பனிக்கு நடுவே மூன்று விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றோடு நகர்ந்தன. முதல் கம்பம். இரண்டாம் கம்பம். ஏப்ரன் பையில் ரேடியோ ஐந்தில் இருந்தது. "வராங்கடா, வந்துட்டே இருக்காங்க" என்று அதனிடம் கிசுகிசுத்தாள். ஐந்தாம் கம்பம். பாதி தூரம்.

பின்னால் நடைக்கூடத்தில் காலடி. வெறுங்கால். ஈரம். மெதுவாக.

திரும்பவில்லை. அவளால் திரும்ப முடியவில்லை. நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அட, இதோ இருக்கானே!" என்றாள் மைக்கென்.

ஆர்வே மேசையில் உட்கார்ந்திருந்தான். நீல ஸ்வெட்டர். நெற்றியில் ஒட்டிய ஈர முடி. இடது புருவத்தில் அந்தச் சின்னத் தழும்பு. எல்லாமே சரியாக இருந்தது. வெண்ணெய் உறைந்துபோன அவனுடைய கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மேசைக்கு அடியில் இரண்டு பாதங்களும் பலகையில் பதிந்திருந்தன, வெள்ளை வெளேரென்று.

"எங்கப்பா போயிருந்த? எல்லாரும் உன்னைத் தேடிக் கிளம்பியாச்சு!" மைக்கென் சுவரிலிருந்த பெரிய ரேடியோவை எடுத்தாள். "ஓட்வார், திரும்பி வாங்க. ஆர்வே இங்கதான் இருக்கான்."

"வேண்டாம்!" சிசெல் பாய்ந்து அதைப் பிடுங்கினாள். "நிக்காதீங்க! போங்க! இது அவன் இல்லை, அவன் கொட்டகைக்குப் பின்னால கிடக்கறான்! ஓட்வார், இன்னும் கொஞ்ச தூரம்தான்..."

இரண்டு பேர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மென்மையாகத்தான் பிடித்தார்கள்.

"என்னம்மா நடக்குது அங்க?" ஓட்வாரின் குரல் காற்றில் கிழிந்து வந்தது. "ஆர்வே இருந்தா அவனே பேசட்டும்."

அவன் கையை நீட்டினான். மைக்கென் ரேடியோவைக் கொடுத்தாள்.

"நான்தான்" என்றான் ஆர்வேயின் குரலில். "உள்ளதான் இருக்கேன். திரும்பி வாங்க, வெளியே குளிருது."

ஜன்னலில் மூன்று விளக்குகளும் நின்றன. கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின.

சிசெல் உதறிக்கொண்டு முன்கூடத்துக்கு ஓடினாள். ஒரு பூட்ஸை மாட்டிவிட்டாள். இரண்டாவதில் கால் நுழைவதற்குள் மூன்று பேர் சேர்ந்து அவளைத் தரையோடு பிடித்துக்கொண்டார்கள். கத்தினாள். கடித்தாள். வாசல் திறந்து, தாடியெல்லாம் பனியாக ஓட்வார் வந்து நின்றபோது அவள் அவர் காலைப் பிடித்தாள்.

"ரேடியோவுல பேசினான். நான் கேட்டேன். உங்க பிள்ளைங்க மேல சத்தியமா கேட்டேன்!"

"ஆர்வே, உன் ரேடியோ எங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"கொட்டகையில விட்டுட்டேன்" என்று பதில் வந்தது.

"பூட்ஸ்?"

"மாவுத் தொட்டியில. சிசெல் வச்சிருக்கா."

யாரோ போய் எடுத்து வந்தார்கள். மாவு அப்பிய இரண்டு பூட்ஸ். உள்ளே பனிக்கட்டி இல்லை, காய்ந்திருந்தது. எல்லாரும் அவற்றைப் பார்த்தார்கள். பிறகு யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதுக்காகத்தான் அந்த மணியை அடிச்சியா?" என்றான் யூஸ்டைன். முதல்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "என் கன்னம் மரத்துப் போச்சு சிசெல்."

"நீங்க யாராவது அவன் காலைத் தொட்டுப் பாருங்க. ஒரே ஒரு தடவை. ஒருத்தர் தொட்டுப் பாருங்களேன்!"

"இருட்டு நோய்" என்றாள் மைக்கென் தணிந்த குரலில். "டிசம்பர்ல வர்றதுதான். மாத்திரை தரேன்."

ஓட்வார் அவள் பூட்ஸைக் கழற்றி, ஜோடியைச் சேர்த்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார். "இது நாளைக்குக் காலைவரை என் அறையில இருக்கட்டும். உன் நல்லதுக்குத்தான்." அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் மேசையில், அவனுக்கு எதிரே உட்காரவைத்தார். மற்றவர்களைக் கண்ணால் காட்டி வெளியே அனுப்பினார். "கையெழுத்துப் போட்ட விஷயத்தை நான் அப்படி எல்லார் முன்னாலயும் சொல்லியிருக்கக் கூடாது. என் தப்புதான். ரெண்டு பேரும் மனசு விட்டுப் பேசித் தீத்துக்கங்க. யாரும் தொந்தரவு பண்ண மாட்டாங்க."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

ஜெனரேட்டரின் உறுமல். தகரத்தின் நடுக்கம். பழைய கடல்தண்ணீரின் வாசம். எதிரே இருந்தவன் கண் சிமிட்டவில்லை. அவன் முன்னால் யாரோ விட்டுப்போயிருந்த காப்பியில் மெல்லிய ஏடு படர்ந்தது. பனி ஏடு. கோப்பை டிக்கென்று விரிசல் விட்டது.

ஏப்ரன் பையில் கரகரப்பு.

"சிசெல்..." நாக்கு தடித்த குரல். இழுத்து இழுத்து. "விளக்கு தெரிஞ்சுது. மூணு விளக்கு. நான் கத்தினேன். பக்கத்துல வந்துட்டு... ஏன் திரும்பிப் போறாங்க?"

ரேடியோவை எடுத்தாள். எடுக்கத்தான் முடிந்தது. மேசைக்கு மேலாக அந்தக் கை நீண்டு, அவசரமில்லாமல், அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை எடுத்துக்கொண்டது. தொட்ட இடமெல்லாம் மரத்தது. கை, தோள், கழுத்து. தொண்டை.

அது ரேடியோவை வாயருகே கொண்டு போனது. பொத்தானை அழுத்தியது. சிசெல் வாயைத் திறந்தாள். கத்தினாள். சத்தம் வரவில்லை.

"எல்லாரும் உள்ள வந்தாச்சுடா" என்றது அது, சிசெலின் குரலில். "இனிமே தேட யாரும் இல்லை. நீ தூங்கு."

இரைச்சல். காற்று. நீளமாக ஒரு மூச்சு.

"சரி சிசெல்" என்றான் ஆர்வே.